ஊசியா தூசியா

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மூன்று பேருக்குக் காது பரிசோதனை. "சத்தம் கேட்டதும் பொத்தானை அமுக்குங்க" என்று நான் சொன்னதை மூன்றாவது ஆள் வேறு மாதிரி புரிந்துகொண்டார். அமுக்கினால் யாரோ வருவார்கள் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் அமுக்கிவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றபடி விசேஷம் இல்லை என்று எழுதி மூடியிருப்பேன். மதியம் செய்தி வந்துவிட்டது. அக்காவின் புது ஆல்பம் ஏப்ரல் மூன்றாம் தேதி. ஒன்பது பாட்டு!

அக்கா என்னைவிட எட்டு வயது சின்னவர். எங்கள் ரசிகர் குழுவில் எழுபது வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் அக்காதான். ஒரு பாடகி இதற்கு மேல் என்ன சாதிக்க வேண்டும்?

"தொண்டைத் தொண்டர்கள்" குழுவில் சாயங்காலத்துக்குள் நானூற்றுச் சொச்சம் செய்திகள். அட்டைப் படத்தில் அக்கா நமக்கு முதுகைக் காட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஏன் நாற்காலி என்று மூன்று மணி நேரம் பேசினோம். முதுகைக் காட்டினால் சோகப் பாட்டு அதிகம் என்றார் ஒருவர். மூன்றாவது ஆல்பம் மாதிரி இருக்க வேண்டும் என்று நான் எழுதினேன். உடனே ஹார்ன் வந்துவிட்டார்: "மூணாவது ஆல்பம் தூக்க மாத்திரை. அஞ்சாவதுதான் ஆல்பம்."

ஹார்ன் பஸ் ஓட்டுகிறவர். நேரில் பார்த்ததில்லை, பார்க்கும் ஆசையும் இல்லை. ஆறு வருஷமாக நான் கிழக்கு என்றால் அவர் மேற்கு.

மார்ச் 6, வெள்ளி

முன்னோட்டம் வந்தது. இருபத்திரண்டு வினாடி. ஒரே ஒரு வரி. நாற்பது தடவை கேட்டேன்.

பாட்டு வந்ததும் வரிகளைக் கேட்டு எழுதிக் குழுவில் போடுவது எப்போதும் என் பொறுப்பு. காது ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் என்பதால் என் பெயரே அங்கே "காது". நான் எழுதியதுதான் பாட்டு. அதன்படி இன்றும் போட்டேன்:

"கண்ணில் விழுந்த ஊசி நீ."

என்ன ஒரு வரி. உடம்பு சிலிர்த்தது. காதல் என்றால் குத்தத்தானே வேண்டும்.

இரண்டு நிமிஷத்தில் ஹார்ன்: "ஊசி இல்ல, தூசி. கண்ணுல ஊசி விழுந்தா பாட்டா பாடுவாங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க."

மார்ச் 7, சனி

குழு இரண்டாக உடைந்துவிட்டது. ஊசிக் கட்சியில் பத்தொன்பது பேர், தூசிக் கட்சியில் இருபத்து மூன்று. குழுவை ஆரம்பித்த தையல்காரம்மா, கத்தரி என்று கூப்பிடுவோம், என் பக்கம். அவருக்கு இருபது வருஷமாகக் கையில் இருப்பதே ஊசிதான். அந்த நியாயப்படி, பஸ்காரருக்குத் தூசி கேட்டதில் ஆச்சரியம் இல்லை என்று எழுதினேன். அதற்கு அவர், அப்படியானால் ஆஸ்பத்திரிக்காரிக்கு ஊசி கேட்டதிலும் ஆச்சரியம் இல்லை என்றார். ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினேன். சிரிப்பு வரவில்லை.

நடுநிலையாக ஒருவர் சொல்லட்டும் என்று என் வீட்டுக்காரரைக் கேட்கவைத்தேன். மீன் தொட்டிகளைச் சுத்தம் செய்து பராமரிப்பது அவர் தொழில். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாசி."

மார்ச் 8, ஞாயிறு

குழுவில் இப்போது பாசிக் கட்சி என்று ஒன்றும் இருக்கிறது. உறுப்பினர் ஒருவர். அவரை யார் குழுவில் சேர்த்தது என்று கேட்கிறார்கள். நான்தான்.

மார்ச் 11, புதன்

பந்தயம் கட்டிவிட்டேன். ஆல்பத்தோடு வரிகள் அச்சில் வரும். தோற்றவர் அந்தப் பாட்டை முழுசாகப் பாடி, பதிவு செய்து குழுவில் போட வேண்டும். ஆரம்பித்தது ஹார்ன்தான். "உனக்குக் காதுன்னு பேர் வச்சவங்களைத்தான் சொல்லணும்" என்று எழுதினார். அதற்கப்புறம் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? அவருடைய காதைப் பற்றி நானும் நாலு வார்த்தை எழுதினேன். டீசல் புகை உள்ளே போய் அடைத்திருக்கும் என்கிற மாதிரி. கொஞ்சம் அதிகம்தான்.

எனக்குப் பாட வராது. சின்ன வயதில் நான் பாடினால் என் தங்கை பக்கத்து அறைக்குப் போய்விடுவாள். ஆனால் தோற்றால்தானே.

மார்ச் 16, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு ஓர் ஆள். ஐம்பது வயது, நல்ல தொப்பை, ஓட்டுநர் சீருடை. உரிமம் புதுப்பிக்கக் காது சோதனைச் சான்று வேண்டும் என்றார். சத்தம் புகாத கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டிவிட்டு, வெளியே என் நாற்காலிக்கு வந்தேன். உள்ளே பேசுவது எனக்குக் கேட்க ஒரு மைக் உண்டு. திறந்தால், ஆள் பாடிக்கொண்டிருக்கிறார். அக்காவின் வரி. "கண்ணில் விழுந்த ஊசி நீ."

எனக்கு ஒரே சந்தோஷம். நம் கட்சி ஆள். என் பக்கத்து மைக்கை அமுக்கி, "ஊசிதானே சார்?" என்றேன்.

அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தே விட்டார். "காதுல ஊசியெல்லாம் போடுவீங்களா மேடம்? சும்மா செக்கப்னுதானே சொன்னாங்க."

இல்லை, உங்கள் பாட்டைச் சொன்னேன் என்று சமாதானப்படுத்தினேன்.

"நான் பாடினது தூசி மேடம்" என்றார். "எங்க குரூப்ல ஒரு பொம்பளை இருக்குது. ஊசின்னு ஒத்தக் கால்ல நிக்குது. அது காதுல எந்த லாரி ஏறிச்சோ."

ஹார்ன்!

அந்தப் பொம்பளை நான்தான் என்று காட்டிக்கொள்ளவில்லை. சோதனையை ஆரம்பித்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் இது என் நோட்டு: அந்த ஆளுக்குக் காது கேட்கக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். சத்தத்தைக் குறைத்தேன், அமுக்கினார். இன்னும் குறைத்தேன், அமுக்கினார். கடைசியில் எறும்பு நடக்கிற அளவுக்குக் கொண்டுபோனேன். அதற்கும் அமுக்கினார். பத்து வயதுப் பிள்ளையின் காது. பதினான்கு வருஷ அனுபவத்தில் இந்த வயதில் இப்படி நான் பார்த்ததில்லை.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ரிப்போர்ட்டைப் படம் எடுத்துக் குழுவில் போடலாமா என்று கேட்டார்.

"உங்க ரிப்போர்ட், உங்க இஷ்டம்."

மார்ச் 17, செவ்வாய்

போட்டுவிட்டார். "அத்தாட்சி பெற்ற காது" என்று தலைப்பு வேறு.

கத்தரி என்னிடம் கேட்கிறார்: "உன் தொழில்தானே, இது சரியான ரிப்போர்ட்டான்னு பார்த்துச் சொல்லு." மிஷின்கள் சில நேரம் தப்பாகக் காட்டும் என்று எழுதினேன். அந்தத் தாளின் அடியில் என் கையெழுத்து. கிறுக்கலாக இருந்ததால் தப்பித்தேன். என் வேலையை நானே மட்டம்தட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதெல்லாம் ஒரு பிழைப்பா?

ஆனால் அது இல்லை என்னைக் குடைவது. அவர் எதிரிலேயே பாடினார். போன் இல்லை, மோசமான ஸ்பீக்கர் இல்லை, நல்ல மைக். தூசி என்று பாடினேன் என்கிறார். எனக்குக் கேட்டது ஊசி. அப்படியென்றால்?

மார்ச் 18, புதன்

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போனதும் நானே கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தேன். மிஷின் தானாகவே ஒவ்வொரு சத்தமாகக் கொடுத்துக்கொண்டு போகும்படி வைத்துக்கொண்டேன்.

முதலில் நன்றாகத்தான் போனது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. நின்றுவிட்டது என்று எட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. சத்தம் போய்க்கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் வரவில்லை.

மிஷின் வரைந்த கோட்டில், இரண்டு காதுக்கும் கீச்சுச் சத்தங்கள் வருகிற இடத்தில் பள்ளம். வலது இன்னும் மோசம். த, ச, க எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் விழும். எத்தனை பேருக்கு இதைப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

ஹெட்போனை மாற்றிப் பார்த்தேன். ஹெட்போன் மேல் தப்பில்லை.

மார்ச் 20, வெள்ளி

வேலை போயிடுமா? காது கேக்காதவ காது பார்க்கிறாளாம்னு ஊரே சிரிக்காதா? இத்தனை வருஷமா நான் எழுதிப் போட்ட வரியில எத்தனை தப்போ. நாற்பத்தொரு பேர் அதைப் பார்த்து மனப்பாடம் பண்ணியிருக்காங்க.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். சமையலறையில், அவர் வாளியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது. குழாயை மூடிவிட்டு என்னையே பார்த்தார்.

"அப்போ நான் பாத்ரூம்லேர்ந்து துண்டு கேட்டா நீ வராதது..."

"எப்போ கேட்டீங்க?"

"ரெண்டு வருஷமா கேக்கறேன். என் மேல ஏதோ கோவம்னு நெனச்சேன். என்னன்னு கேட்டா பெரிசாயிடுமேன்னு நானும் பேச்சைக் குறைச்சுக்கிட்டேன்."

அப்படியே வாளி மேல் உட்கார்ந்துவிட்டார். நான் என்னவென்றால், இந்த மனுஷன் வரவர ஊமையாகிக்கொண்டு வருகிறாரே, மீனோடு பழகிப் பழகி இப்படி ஆகிவிட்டாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு நடுவில் அழுகையும் வந்தது. அவர் துண்டை எடுத்துக் கொடுத்தார், ஈரத் துண்டு, மீன் வாசனை.

மார்ச் 24, செவ்வாய்

எங்கள் டாக்டரம்மாவிடம் வரைபடத்தை நீட்டினேன். நோயாளி யார் என்று கேட்டார். நான் என் காதைத் தொட்டதைப் பார்த்துப் புரிந்துகொண்டார். வருஷக்கணக்கில் ஹெட்போனில் சத்தத்தை ஏற்றி வைத்துக் கேட்டதுதான் பெரும்பாலும் காரணமாம். அதாவது அக்கா. கடைசியில் அக்காதான் என் காதைத் தின்றிருக்கிறார்.

வேலையைப் பற்றிக் கேட்டேன். "கண்ணாடி போட்ட கண் டாக்டரை நீ பார்த்ததே இல்லையா?" என்றார். தினமும் காலையில் மிஷினைக் கேட்டுச் சரிபார்ப்பதை மட்டும் இனி வேறு ஆள் செய்யட்டும் என்றார். பழகிப் பார்க்கச் சொல்லி இரண்டு காது மிஷின் கொடுத்தார். பழுப்பு நிறத்தை நானே எடுத்தேன். முடியை விரித்து விட்டுக்கொண்டேன், வெளியே தெரியவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒரே கரகரப்பு. என்ன என்று பார்த்தால் என் செருப்பு.

மார்ச் 25, புதன்

முன்னோட்டத்தைப் போட்டேன். ஒரே தடவைதான்.

தூசி. பளிச்சென்று, பல்லில் நாக்கு படுகிற சத்தத்தோடு, த்.

நல்லாத்தான் இருக்கு. ஊசியைவிட நல்லா இருக்கு. சே.

மார்ச் 27, வெள்ளி

ஆல்பம் வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அச்சில் பார்த்த பிறகுதான் தெரிந்தது போல நடித்திருக்கலாம். மனசு வரவில்லை. என்னை நம்பிப் பதினெட்டுப் பேர் ஊசிக் கட்சியில் நின்று அடி வாங்குகிறார்கள்.

எழுதினேன். எனக்குக் காதில் குறை இருக்கிறது, இப்போது மிஷின் போட்டுக் கேட்டேன், தூசிதான். ஹார்ன் போட்ட ரிப்போர்ட் சரியானது, அடியில் இருப்பது என் கையெழுத்து. டீசல் புகை என்று சொன்னதற்கு மன்னிப்பு. வரி எழுதும் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

அனுப்பிவிட்டு, பந்தயப்படி பாடினேன். முழுப் பாட்டு இன்னும் வரவில்லையே, அதனால் அந்த ஒரே வரியைப் பன்னிரண்டு தடவை. வீட்டுக்காரர் தாளம் போட்டார்.

நாற்பது நிமிஷம் கழித்துக் கத்தரியிடமிருந்து மட்டும்: "பதிவை எப்படி அழிக்கறது?"

மார்ச் 28, சனி

ஹார்ன் போன் செய்தார். எண்ணைக் கத்தரியிடம் வாங்கியிருக்கிறார். எடுத்ததும், "மேடம், உங்க காதுல லாரி ஏறிச்சுன்னு உங்ககிட்டயே சொல்லியிருக்கேன்" என்றார். பரவாயில்லை, ஏறித்தான் இருக்கிறது என்றேன். போனில் அவருக்குப் பின்னால் யாரோ டிக்கெட் கேட்டார்கள்.

"வரியை நீங்களே எழுதுங்க" என்றார். "எனக்குக் காதுதான் இருக்கு, எழுத்துப்பிழை இல்லாம ரெண்டு வார்த்தை எழுத வராது. நீங்க எழுதி எனக்கு அனுப்புங்க, நான் ட்ரிப்புக்கு நடுவுல கேட்டுப் பார்த்துச் சொல்றேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சும்மா ஒரு பந்தாவுக்கு.

ஏப்ரல் 3, வெள்ளி

வந்தாயிற்று. ஒன்பது பாட்டும் இரண்டு தடவை. கத்தரி கடையில் பதினோரு பேர் கூடினோம். அறுந்த நூலும் துணியுமாக, உட்கார இடமில்லாமல், முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எழுபது வயதுக்காரர் ஆறாவது பாட்டுக்கு ஆடினார். வரிகள் அச்சிட்ட தாளில் தூசி என்றே இருந்தது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை, என் வீட்டுக்காரரைத் தவிர. அவர், பாசிதான் தூசி என்று அச்சுப்பிழையாகிவிட்டது என்று எல்லாரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹார்னும் நானும் நாலாவது பாட்டுக்குச் சண்டை போட்டோம். அவருக்கு அது தூக்க மாத்திரை. ரசனை என்பது மிஷின் வைத்தும் வராது போலிருக்கிறது.

ஏப்ரல் 20, திங்கள்

வெயில் தாங்கவில்லை. விரித்துவிட்ட முடி கழுத்தில் ஒட்டிக்கொண்டு எரிச்சல். மதியம் பொறுக்க முடியாமல் தூக்கி முடிந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு பெண், ஓர் ஆபீஸில் வரவேற்பு வேலை பார்க்கிறவள், முப்பது வயது இருக்கும். சோதனையெல்லாம் முடிந்தது. மிஷின் வேண்டாம், வெளியே தெரியும் என்று பத்து நிமிஷமாக மறுத்துக்கொண்டிருந்தாள். மிஷின் வகைகள் போட்ட புத்தகத்தை எடுக்க நான் திரும்பினேன். அவள் என் காதைப் பார்த்துவிட்டாள்.

"மேடம், அது எங்க வாங்கினீங்க?"

புதுத் தோடு போட்டால் கேட்பார்களே, அதே குரல். இங்கேதான் என்றேன். வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்டாள். பெட்டியைத் திறந்து காட்டினேன். ஆறு நிறம். நல்ல சிவப்பு ஒன்று இருக்கிறது. பழுப்பை நான் யாருக்குப் பயந்து எடுத்தேன் என்று தெரியவில்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். மாற்றிக்கொள்ளலாமாம்.