பொங்கல் தின்ற நாகு

சனி, தை 2. பட்டிப்பொங்கல்.

பெரியக்கா இன்று லண்டன் வெம்பிளியிலிருந்து பெரிய பானை நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு பண்ணைக்கு வந்தார். எங்கள் மாடுகள் கட்டை இனம், வளர்ந்ததே என் இடுப்பளவுதான். பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"என்னடா தம்பி, மாடுகளைப் பட்டினி போட்டு வச்சிருக்கிறாய்?"

"இனமே இப்பிடித்தான் அக்கா. புல்லைத் தவிர ஒண்டும் குடுக்கிறேல்லை."

பாலுக்கு வளர்க்கிறேன் என்று நினைத்திருக்கிறார். இறைச்சிக்கு என்று சொல்ல இன்றும் வாய் வரவில்லை.

மாடுகளைப் புதுப் புல்லுக்கு மாற்ற வேலியை நகர்த்தப் போனேன். திரும்பி வந்தால் பானை காலி. முதல் கன்றைச் சுமக்கும் நாகின் நெற்றியில் குங்குமம், வாயெல்லாம் சோறு.

"பாவம், பசியில முழுப் பானையும் திண்டிட்டுது," என்று அக்கா அதன் கழுத்தைத் தடவினார். வெறும் பானையைத் தூக்கி அக்காவின் காரில் ஏற்றிவிட்டேன்.

பொழுதுபட அதற்கு வயிறு ஊதியது. மாட்டு டொக்டர் வந்து, குழாய் விட்டு மருந்து ஊற்றினார். தாய் தப்பும் என்றார். கன்று? விடியத்தான் சொல்லலாமாம். அந்தக் கன்றுக்காகத்தான் கட்டைக் காளை தேடி வேல்ஸ் வரை அலைந்தேன்.

சற்று முன் அக்காவின் போன்.

"பொங்கல் திண்ட என்ர பிள்ளை என்ன செய்யிறாள்?"

"படுத்திருக்கிறாள், அக்கா."

"பாத்தியே, வயிறு நிறைஞ்சால்தான் நித்திரை வரும்."