சந்தில் நான்கு படிகள்

மண்டலூயோங், மணிலா
6 மார்ச் 1994

அன்புள்ள டோமெங்,

ஜோலினாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். நீ அனுப்பிய பெட்டியும் வந்தது.

வேறொரு செய்தி. எப்படி எழுதுவதென்று மூன்று நாளாகத் தெரியவில்லை. கடைசி வீட்டு எர்னிங்கின் மனைவி ஃபெலி இறந்துபோனாள். வியாழன் காலை தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் மெயின் ரோட்டோடு சரி. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். திரும்பிப் போகும்போது நம் வாசலில் சிக்கிக்கொண்டது. சந்துக்குள் நீட்டியிருக்கும் நம் மாடிப் படி, டோமெங். "சாய்ங்க, இன்னும் கொஞ்சம் சாய்ங்க" என்கிறான் ஒருவன். "சாய்ச்சா விழுந்துருவாங்கப்பா" என்கிறான் இன்னொருவன். கடைசியில் நம் சாப்பாட்டு மேசை நாற்காலியில் அவளை உட்கார வைத்துத் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலைக்கூட அவள் பார்க்கவில்லை.

முதல் படியின் விளிம்பில் ஸ்ட்ரெச்சர் உரசிய பச்சைக் கோடு இருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. எர்னிங் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அந்தப் படியை எடுத்துவிடலாமா? பதில் எழுது.

உன்
பெர்லிதா

ஜெட்டா
30 மார்ச் 1994

பிரியமுள்ள பெர்லி,

ஃபெலியின் செய்தியைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. அவள் கல்லறையில் என் பெயரிலும் ஒரு மலர்வளையம் வை.

ஆனால் ஒன்று யோசித்துப் பார். சந்து குறுகியது நம்மாலா? சோலெங் அக்கா கடை ஜன்னலை வெளியே இழுத்தாள். தச்சர் வீட்டில் குளியலறையையே சந்தில்தான் கட்டியிருக்கிறார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையை மடக்க வேண்டும் என்பது நாம் படி கட்டுவதற்கு முன்பே இருந்த நிலைமை. நாம் இடித்தால் மறுநாளே அந்த இடத்தை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள். இழப்பு நமக்கு மட்டும்தான்.

போன தடவை வந்தபோது என் நாற்பது நாள் லீவும் அந்தப் படிக்கும் மாடி அறைக்கும்தான் போயிற்று. பிள்ளையோடு கடற்கரைக்குக்கூடப் போகவில்லை. டிசம்பரில் வருகிறேன், பேசிக்கொள்ளலாம். அதுவரை கை வைக்காதே.

முத்தங்களுடன்
டோமெங்

மண்டலூயோங்
8 மே 1994

அன்புள்ள டோமெங்,

கோபப்படுவாய் என்று தெரியும். இடித்துவிட்டேன்.

தேவாலயத்தில் சந்துக்காரர்கள் எல்லாரையும் கூட்டினேன். வழியை அகலப்படுத்த வேண்டும் என்று ஒருவர் பாக்கியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அலுத்துப்போயிற்று.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை காலை சம்மட்டியோடு நின்றேன். பத்து அடி போட்டும் மூலைதான் பெயர்ந்தது, நீ அவ்வளவு உறுதியாகக் கட்டியிருக்கிறாய். சத்தம் கேட்டு எர்னிங் வந்தான். என் கையிலிருந்து சம்மட்டியை வாங்கி, சந்தில் இருந்த நான்கு படியையும் மதியத்துக்குள் அவனே உடைத்தான். முடித்துவிட்டுக் கை கழுவும்போது, "அண்ணங்கிட்ட அன்னிக்கே சொன்னேன் அண்ணி" என்றான். அவ்வளவுதான், போய்விட்டான்.

என்ன சொன்னான் உன்னிடம்?

நீ சொன்னதும் நடந்தது. மறுநாள் அங்கே சோலெங் அக்கா கறி சுடும் அடுப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

"சும்மா கெடக்குற எடந்தானே பெர்லி, உனக்கென்ன நோவுது?"

"சும்மா கெடக்கலக்கா. அது வழி."

"ஆமா, பெரிய வழி. நாளைக்கு இதுல பஸ்ஸு விடப் போறியா?"

அடுப்பை நானே தூக்கி அவள் வாசலில் வைத்தேன். மறுநாள் திரும்பி வந்தது. திரும்பவும் தூக்கி வைத்தேன். இப்போது இதுவே என் தினசரி வேலை. தச்சர் மட்டும் குளியலறையை உள்ளே மாற்றுகிறேன் என்கிறார். மாற்றினால்தான் நிஜம்.

மாடிக்கு உள்ளிருந்து மர ஏணி போட்டிருக்கிறேன். திட்டுவதென்றால் திட்டி எழுது. ஆனால் எழுது.

பெர்லிதா

ஜெட்டா
14 ஆகஸ்ட் 1994

பெர்லி,

உன் கடிதம் மே மாதமே வந்துவிட்டது. தபால்மேல் பழி போட மாட்டேன்.

எர்னிங் என்ன சொன்னான் என்று கேட்டாய். நான் இரண்டாவது படிக்குக் கலவை போட்டுக்கொண்டிருந்த அன்று அவன் வந்தான். "அண்ணே, ஒரு முழம் உள்ள இழுத்துக் கட்டுங்கண்ணே. ஃபெலிக்கு மூச்சு முட்டுற சீக்கு. ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் தூக்கிட்டு ஓட வேண்டியிருக்கும்" என்றான். நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "உம் பொண்டாட்டியக் கொஞ்சம் எளைக்கச் சொல்லுடா, வழி தாராளமா இருக்கும்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எர்னிங்கும் சிரித்தான்.

இதை உன்னிடம் சொன்னதில்லை. எனக்கே மறந்துபோயிருந்தது, உன் முதல் கடிதம் வரும்வரை. தெரிந்தேதான் இடிக்காதே என்று எழுதினேன்.

நீ செய்தது சரி. அந்த அடுப்பை விடாதே, தினமும் எடுத்து வை.

டிசம்பரில் நான் வரவில்லை. அந்தச் சந்தில் எர்னிங்கின் தோளை உரசாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாது. இன்னும் இரண்டு வருஷ வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜோலினாவிடம் அப்பாவுக்கு லீவு கொடுக்கவில்லை என்று சொல்.

லீவு கொடுத்தார்கள், பெர்லி.

டோமெங்