தயிர் கடைந்த வேன்

ஒரகடம்
16.8.2012

அன்பு மகள் பிரவீனாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். போன் அம்மாவிடமிருந்து என் கைக்கு வருவதற்குள் காசு தீர்ந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். பிழை இருந்தால் எட்டாவதோடு என்னை அனுப்பிவிட்ட வாத்தியாரைக் கேள்.

போன முறை மட்டும் அம்மா ஏன் போனில் சரியாகப் பேசவில்லை என்று கேட்டாயே, காரணம் தயிர். பிள்ளைப்பாக்கம் லேடீஸ் ஹாஸ்டலுக்கு அம்மா சமைப்பதை நம் பழைய வேனில் நான்தான் கொண்டுபோகிறேன். வீட்டில் கெட்டியாக உறைந்த தயிர், அங்கே போய்த் திறந்தால் தண்ணீராக நின்றது. கம்பெனி வேலைக்கு வந்திருக்கும் திருநெல்வேலிப் பெண் மாரிசெல்வி, அய்யா நேத்து தயிரு, இன்னைக்கு மோரு, நாளைக்கு வெறுந்தண்ணி கொண்டாருவீயளா என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வார்டன் உலகம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணி கலக்குற வீட்டுச் சாப்பாடு எங்க பிள்ளையளுக்கு வேண்டாம், திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன், அப்புறம் வேற ஆளு என்று சொல்லிவிட்டார். சமையல் போய்விடுமே என்பதைவிட, கலப்படக்காரி என்ற பேச்சுதான் அம்மாவைச் சாப்பிடவிடாமல் செய்தது. பால்காரர் சுப்பிரமணியோடு சண்டை போட்டாள், உறைமோரை மாற்றினாள், கடைசியில் தானே வேனில் பின்னால் ஏறி, பானையை மடியில் வைத்து மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். கண்டெய்னர் லாரிகள் போட்ட பள்ளத்தில் வேன் குதிக்கும், அந்தக் குதிப்பு அடங்குவதற்குள் அடுத்த பள்ளம். ஹாஸ்டல் வாசலில் புடவையெல்லாம் தயிராக இறங்கி, இன்னாய்யா, நான் வூட்ல தயிரு போட்டா நீ ரோட்ல கடைஞ்சிகினு வர்ற, இது வண்டியா மத்தா என்று கேட்டாள். எனக்கு அதுவரை தெரியவே இல்லை, வருகிற குலுக்கலையெல்லாம் என் தொப்பை வாங்கிக்கொள்கிறது.

மெக்கானிக் கன்னியப்பன் வேனின் பின்பக்கத்தை அமுக்கி விட்டான், அது நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. குலுக்கல வாங்குற ஷாக் அப்சர்பர் செத்துப்போச்சு அண்ணாத்த, ரெண்டு பக்கமும் சேத்து மாத்திடு என்றான். நான் பெரிய இன்ஜினீயர் அல்லவா, எண்ணெய் ஒழுகுறது இடது பக்கம்தானே, வலது நல்லாத்தானே கீது என்று ஒன்றை மட்டும் மாற்றினேன். மறுநாள் இடது பக்கம் வைத்த பானையில் தயிர், வலது பக்கம் வைத்த பானையில் மோர். அம்மா இரண்டையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே வலது பக்கமும் புதுசு போட்டேன்.

திங்கட்கிழமை உலகம்மாள் பானையில் கரண்டியை நட்டார், கரண்டி நட்டபடி நின்றது. அதைப் பார்த்தவர், அய்யா, வண்டிய வீட்டுக்கு விடுங்க என்று தானே வந்து ஏறிக்கொண்டார். வீட்டில் அம்மாவுக்கு முன்னால் நின்று, அக்கா, தண்ணி கலந்தீயன்னு சொன்னது என் தப்பு, மனசுல வச்சுக்கிடாதீய என்றார். அம்மா தட்டு வைத்துச் சோறு போட்டுத் தயிர் ஊற்றினாள். சாப்பிட்டு முடித்து, நைட் ஷிப்டு பிள்ளையளுக்கும் நீங்களே குடுங்க என்று கேட்டார் உலகம்மாள். யோசிச்சு சொல்றேன் என்றாள் அம்மா. அவர் வாசல் தாண்டியதுமே பெரிய பானை எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்டாள்.

மாப்பிள்ளை பழைய கார் வாங்கியிருப்பதாகச் சொன்னாய். காரை மூலைக்கு மூலை அமுக்கிப் பார்க்க அவரிடம் சொல், மாற்றுவதானால் ஜோடியாக மாற்றச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, அம்மா இப்போது நிறையப் பேசுவாள். சண்டை போட்ட பால்காரர் சுப்பிரமணியிடம் மட்டும் இன்னும் பேசவில்லை, அந்தத் தூதுக்கும் நான்தான் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்பாவு