கிழித்த ஏழு தாள்கள்

இன்று காலை பக்கத்து வீட்டார் மழையில் நனைந்த சணல் சாக்கு ஒன்றை எங்கள் மதிலில் காயப் போட்டிருந்தார்கள். எடுக்கச் சொல்லிக் கண்டிக்கத்தான் போனேன். அந்த ஈரச் சாக்கின் மணம் மூக்கில் ஏறியதும் நாம் வேலை செய்த களஞ்சியம் நினைவுக்கு வர, திரும்பி வந்து பேனாவை எடுத்தேன். நீங்கள் காலமாகி ஒரு மாதம் ஆகிறது. உங்களுக்கு எழுத வேண்டியதை இன்றாவது எழுதி முடிக்கிறேன்.

துறைமுகத்தடிச் சரக்குக் களஞ்சியத்துக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. கணவர் இறந்து எட்டு மாதம். அதுவரை நான் வீட்டுக்கு வெளியே செய்த ஒரே வேலை, ஆலயப் பாடகர் குழுவுக்குப் பாட்டுகளை அழகாகப் பிரதி எடுத்துக் கொடுத்தது. "களஞ்சிய வேலை பழக்கமோ?" என்று மனேஜர் கேட்டார். முதுகை நிமிர்த்தி, அவர் கண்ணைப் பார்த்து, "ஓம்" என்றேன். கொன்வென்ட் பாடசாலையில் பழக்கிய நிமிர்வு அது. அவர் அதைத் தன்னம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் கட்டைபறிச்சானில் இருந்து மூதூருக்கு வந்து, லோஞ்சுப் படகில் விரிகுடாவைக் கடந்து, எனக்கு முன்பே வாசலில் நிற்பீர்கள். கப்பலில் இருந்து லொறியில் வரும் மூட்டைகளை எண்ணுவது உங்கள் வேலை. தாளில் நாலு கோடு, குறுக்கே ஒன்று, மறுபடி நாலு கோடு. அந்தத் தாள்களை வாங்கிப் பதிந்து வைப்பது என் வேலை. என்னைவிட இரண்டே வயது இளைய பெண் நீங்கள். ஆனாலும் "பிள்ளை" என்றுதான் கூப்பிட்டேன்.

மூட்டை தூக்குகிறவர்கள் என்னைக் கண்டதும், "நோனா வாறா, மூட்டையெல்லாம் நிமிர்ந்து நில்லுங்கோ!" என்று, துரைசாணி வருவதுபோல் கேலியாகச் சத்தம் போடுவார்கள். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். ஒருநாள் சிரித்து முடித்துக் கிட்ட வந்தீர்கள்.

"அக்கா, விளங்காட்டிக் கேளுங்கோ."

"எனக்கு எல்லாம் விளங்குது, பிள்ளை."

"தெரியாதெண்டு ஒருக்காச் சொல்லிப் பாருங்கோவன். வாய் நோகாது."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உங்கள் தாள்களைப் பார்க்கவே எனக்குப் பொறுக்காது. பென்சில் கோடுகள், மழைத்துளி, யாரோ துப்பிய வெற்றிலைக் கறை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏழு தாள்களை வெள்ளைத் தாளில், நீல மையில், அடிமட்டம் வைத்துக் கோடிட்டுப் பிரதி எடுத்தேன். அசலைக் கிழித்துக் கூடையில் போட்டேன். கறைபட்ட அந்தத் தாள்களில் இருந்த கையொப்பங்கள்தான், உங்களுடையதும் கப்பல் தரப்பு ஆளுடையதும்தான், மூட்டைக் கணக்குக்கு அத்தாட்சி என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

பத்து நாள் கழித்து நாற்பது மூட்டை குறைகிறது என்று தகராறு வந்தது. மனேஜர் தாள்களைக் கேட்டார். என் பிரதியை நீட்டினேன்.

"வடிவான எழுத்து. இதை வைச்சு நான் என்ன செய்யிறது? கையொப்பம் வைச்ச துண்டுகள் எங்கை?"

நீங்கள் வாசலில் நின்றீர்கள். அடுத்த மாதம் உங்களைத் தலைமைக் கிளார்க் ஆக்க இருந்தார்கள். பன்னிரண்டு வருடம் வெயிலில் நின்று எண்ணிய உங்களுக்கு முதன்முதலாக உட்கார ஒரு கதிரை.

"அசல் எனக்கு வரேல்லை, சேர். அவ வாயால சொன்னதை வைச்சு எழுதினனான்" என்றேன். அதே நிமிர்ந்த முதுகு. அதே தெளிவான குரல்.

"நான் குடுத்தனான், சேர்" என்று நீங்கள் ஒரேயொரு முறை சொன்னீர்கள். என்னைப் பார்த்தீர்கள். மனேஜர் என் சொல்லை நம்பினார்.

உங்களைக் கிழிந்த சாக்குத் தைக்கும் மூலைக்கு மாற்றினார்கள். கதிரை எனக்கு வந்தது. முதல் வாரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீங்கள் சாக்கு ஊசியும் கையுமாக வந்து, "லொறி நம்பரை முதல்ல எழுதுங்கோ அக்கா, மூட்டை பிறகு" என்று காட்டித் தந்தீர்கள். நான் தலையைக்கூட நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டேன்.

ஆறு வருடம் கழித்துக் களஞ்சியத்தை மூடினார்கள். மனேஜர் அதற்கு முன்பே வெளிநாடு போய்விட்டார். இனிச் சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதியான பிறகுதான், கடைசி நாளில், இறங்குதுறையில் உங்களை மறித்தேன்.

"பிள்ளை, அந்தத் தாள்களை நான்தான் கிழிச்சனான்."

"தெரியும் அக்கா. குப்பை எரிக்கேக்கை நெருப்புக்குள்ளை என்ரை எழுத்தைக் கண்டனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான்."

கோபமில்லாமல்தான் சொன்னீர்கள். லோஞ்சில் ஏறிப் போய்விட்டீர்கள்.

பிறகு ஒரு மருந்தகத்திலும், ஒரு பாடசாலை அலுவலகத்திலும் வேலை பார்த்தேன். இரண்டு இடத்திலும் முதல் நாள் நான் சொன்ன முதல் வார்த்தை, "இது எனக்குத் தெரியாது, காட்டித் தாங்கோ" என்பது. நாக்கு எரியும். ஆனால் வேலை பிடிபட்டது, பயமும் விட்டது. "எவ்வளவு துணிவாக் கேக்கிறீங்கள்" என்று மெச்சினார்கள். அது நீங்கள் சொல்லித் தந்தது என்று சொல்லாமல் அந்த மெச்சலையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

உங்கள் இறுதிச் சடங்குக்கு பஸ்ஸில் வந்தேன். உங்கள் மகள் தேநீர் கொண்டுவந்து, "நீங்கள் அம்மாவுக்கு ஆர், அன்ரி?" என்று கேட்டார்.

"அம்மாவுக்கு வர வேண்டிய வேலையைப் பொய் சொல்லி எடுத்தவள், பிள்ளை" என்றேன். இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் முன்னால் முழுவதையும் சொன்னேன்.

மகள் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "அம்மா இதை எங்களுக்குச் சொல்லேல்லையே" என்றார். "சாக்குத் தைக்கிற வேலையைத் தான் விரும்பிக் கேட்டு எடுத்தது எண்டுதான் சொன்னவ. இருந்து செய்யலாம், கால் நோகாது எண்டு."

அந்தப் பொய்யால் என்னைக் காப்பாற்றினீர்கள் என்று எழுதினால் அதுவும் என் தற்பெருமைதான். சொந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் தலை குனியாமல் இருக்க, பொய் சொல்லத் தெரியாத நீங்கள் ஒரு பொய் சொல்ல வேண்டி வந்தது. சொல்ல வைத்தவள் நான். என்னுடைய பொய்யோடு உங்களுடையதையும் இப்போது நான்தான் சுமக்கிறேன்.