பழைய சோறு பாட்டுக்காரியின் அப்பாவுக்கு

பாண்டிச்சேரி
11 மார்ச் 2007

மாதா துணை.

அன்பு மகன் ஒகுஸ்துக்கு அம்மா எழுதுவது. முட்டிவலி தவிர நான் சுகம். நீயும் மருமகள் ஏலிஸும் லோராவும் அந்தப் பிரான்சுக் குளிரில் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் உன் பிள்ளைகளின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். காலாப்பட்டு யூனிவர்சிட்டி விழாவில் கிட்டாருக்கு முதல் பரிசு நம் திதியேவுக்குத்தான். பையன்கள் பெஞ்சு மேல் ஏறி ஆடினார்களாம். சென்னைப் போட்டியில் பிரூனோ டிரம்ஸ் அடித்த அடியில் இரண்டு குச்சியும் உடைந்தது. வேறு குச்சி வாங்கி அடித்து முடித்துக் கோப்பையோடு வந்தான். பதினேழு வயதுக்கு அது என்ன கை! போன ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர் திருநாள் அன்று பீச் ரோடில் லோரா பாடும்போது மழை கொட்டியது. கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் ஓடினார்கள். ஜனம் ஓடவில்லை. பேப்பரில் மூன்று பேர் படமும் வந்தது, பெல்பாட்டத்தோடு. தைத்த கோவிந்தராசு அந்தப் பேப்பரைக் கடையில் ஒட்டி வைத்திருக்கிறான்.

இந்தப் பழைய காலத்து ராக் பாட்டு எங்கிருந்து வந்தது என்று நீ கேட்க முடியாது. நீ பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தபோது லீவில் கொண்டுவந்து போட்ட ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். குழுவுக்குப் 'பழைய சோறு' என்று பெயர் வைத்தபோது எனக்குக் கோபம். வேளாவேளைக்குச் சுடச்சுட ஆக்கிப்போடுகிறேன், ஊர் என்ன நினைக்கும் என்றேன். "புதுசா பாடுறவன் தெருவுக்கு நாலு பேர் இருக்கான் ஆயா, ஊறுனதுக்குத்தான் ருசி" என்று பிரூனோ வாயை அடைத்துவிட்டான். இப்போது மார்க்கெட்டில் மீன் விற்கிற கன்னியம்மாள்கூட என்னைப் பழைய சோறு ஆயா என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஜூன் மாதம் பெங்களூரில் பெரிய மேடை. அங்கே நன்றாகப் பாடினால் கேசட் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்களாம். ஆனால் மூன்று பேரும் வந்தால்தான் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். மூன்றாவது ஆள் உன் வீட்டில் எட்டாவது மாடியில் இருக்கிறாள்.

போனில் லோரா பேச்சை எடுத்தாலே லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம் எடுத்தேன். கிறிஸ்மஸுக்கு வா, பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று அவளைக் கூப்பிட்டாய். போனதும் பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டாய். இருபது வயதுப் பெண், ஒகுஸ்த்.

காரணம் எனக்குத் தெரியாதா? இங்கே நம் பாண்டி மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வைத்திருக்கிற வசந்தாவின் மகனுக்கு அவளைக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டாய். நம் ஊர் நடப்பு நமக்குத் தெரிந்ததுதான். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண் என்றால் அழகு பார்க்க மாட்டார்கள், நகை கேட்க மாட்டார்கள், எல்லாச் செலவும் அவர்களே செய்து கட்டிக்கொள்வார்கள். பையனுக்குப் பிரான்சு கிடைக்கும். அவர்கள் தெருச் சுவரில் லோரா படம் போட்ட போஸ்டரைப் பார்த்துவிட்டு, இனிமேல் பெண் மேடை ஏறக்கூடாது என்றார்கள். நீ அவளை மேடையே இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய்விட்டாய். ஜனவரியில் நீ போனில் சொல்லச்சொல்ல, பெண் இல்லாத வீட்டில் நிச்சயத் தட்டையும் வைத்துவிட்டுப் போனார்கள். நானும் காப்பி கொடுத்தேன்.

போன மாதம் நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் லோரா பிரூனோவிடம் போனில் இரண்டு நிமிஷம் பேசினாளாம். "இங்க சத்தமாத் தும்முனாக்கூட அம்மா ஓடி வந்து கதவப் பாக்குறாங்கடா, வாயத் தொறக்காம உள்ளுக்குள்ளயே பாடிக்கிறேன்" என்றாளாம். ஏலிஸைக் குறை சொல்லவில்லை. அவளும் உனக்குப் பயந்துகொண்டு அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

இங்கே மட்டும் என்ன? சத்தம் வெளியே போகக்கூடாது என்று, பிள்ளைகள் பாடிப் பழகுகிற மாடி அறை ஜன்னலில் எல்லாம் மெத்தையை வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். இப்போது இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் சத்தமே வருவதில்லை. அடைக்க எதுவும் இல்லாமல் மெத்தை தொங்குகிறது. வேறொரு பெண்ணைக் கூட்டிவந்து பாடவைத்துப் பார்த்தார்கள். நல்ல குரல்தான். பாதிப் பாட்டில் திதியே கிட்டாரைக் கீழே வைத்துவிட்டான். "இது பேண்ட் இல்ல ஆயா, ரெண்டு பேர் ஒரு ரூமுல மாட்டிக்கிட்டிருக்கோம்" என்றான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. வியாழக்கிழமை ஆட்டோ பிடித்து மேட்டுப்பாளையம் போனேன். புடவை, மோதிரம் எல்லாம் அவர்கள் வைத்த அதே தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றேன். வசந்தா எழுந்துவிட்டாள். "தலைய விரிச்சுப்போட்டு ஊர் முன்னால கத்துற பொண்ணு. போனாப் போவுதுன்னு ஒத்துக்கிட்டா, நீங்க வேணாங்கிறீங்களா?" என்றாள். "எம் பேத்தி கத்துறத டிக்கெட் வாங்கிக் கேக்குறாங்கம்மா, ஒம் புள்ள பேசுறத சும்மாக் கேக்கக்கூட ஆளக் காணோம்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பையன் நல்லவன். ஆட்டோ வரைக்கும் வந்து, "எனக்குப் பிரான்சு மேல ஆசையே இல்ல ஆயா, அப்பாதான் போவணும்றாரு" என்று மெதுவாகச் சொன்னான். அவனும் ஒரு ரூமில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறான் போல.

கொடுத்த வாக்கு போய்விட்டதே என்று நீ துடிப்பாய். என் அம்மா கெடுத்துவிட்டாள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றாலும் எனக்கு வருத்தமில்லை. லோராவை அனுப்பிவிடு. மேட்டுப்பாளையம் வரைக்கும்தான் ஆட்டோ வரும், ஒகுஸ்த். உன் வீட்டு வாசலுக்கு வராது. அங்கே அந்தப் பூட்டை நீதான் திறக்க வேண்டும். மாதா உனக்கு அந்த மனதைக் கொடுக்கட்டும்.

டிக்கெட் எடுக்க நாள் ஆகும் என்பாய். அதுவரைக்கும் லோராவின் புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு. புடவை கட்டி ஸ்டூடியோவில் எடுத்தது வேண்டாம். சோபாவில் உட்கார்ந்ததும் வேண்டாம். கோட்டு போட்டுக்கொண்டு ரோட்டில் நிற்கட்டும். பின்னால் பஸ்ஸோ மரமோ ஏதாவது தெரியட்டும். பக்கத்தில் நீ நிற்காதே. உறையின் மேல் நம் விலாசத்தை அவள் கையாலேயே எழுதட்டும். அவளே இறங்கிப் போய்த் தபால்பெட்டியில் போடட்டும்.

உன் அம்மா,
அந்துவானெத்