ராணித்தலைக் காசுக்கு விலை பார்த்தேன்

என் அன்பு மாப்ளே சேது,

இந்த வருசம் அளவான மழை. மிளகாய் நன்றாகக் காய்த்தது, வத்தலும் நல்ல நிறம். இதையெல்லாம் மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் நின்று உன் பெண்டாட்டி பாண்டியம்மா சொல்லியிருப்பாள். நான் சொல்ல வந்தது உன் காசுகளைப் பற்றி. குறுக்கே பேசாமல் கேள், இப்போதாவது.

ஊரே உன்னைக் காசுக் கிறுக்கன் என்றது. நானும் சொன்னேன், உன் முகத்துக்கு நேராகவே. வத்தல் போட்ட பணத்தில் நாங்களெல்லாம் மாடு வாங்கினால், நீ கீழக்கரைக்கும் தொண்டிக்கும் பஸ் ஏறுவாய். கப்பலில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, பென்னி, ஷில்லிங், அரை கிரவுன் என்று வெள்ளைக்காரன் காசாக வாங்கி வருவாய். ராமேஸ்வரம் கடற்கரையில் மண்ணைச் சலித்துக் காசு பொறுக்குகிறவர்கள் உன்னைக் கண்டால் தூரத்திலேயே கையாட்டுவார்கள். எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும்.

ஆயுத பூஜைக்குத்தான் அந்த டப்பா திறக்கும். செம்புக் காசைப் புளி போட்டும் வெள்ளிக் காசைத் திருநீறு போட்டும் பாண்டியம்மா விளக்கு விளக்கென்று விளக்குவாள். மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் நடுவில் விக்டோரியா ராணி நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஜம்மென்று உட்கார்ந்திருப்பாள்.

போன தை மாதம் உன் மகன் ராஜா கைப்பேசியோடு ஓடி வந்தான். யாரோ ஒருவன் வீடியோவில் இதே மாதிரி காசைக் காட்டி, ‘உங்கள் வீட்டில் இது இருந்தால் நீங்கள் லட்சாதிபதி’ என்று கத்திக்கொண்டிருந்தான். “மாமா, வித்தா போர்வெல் போட்ரலாம். கிணறு வருசா வருசம் வத்துது” என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. பாண்டியம்மா என்னைப் பார்த்து, “நெசமான வெல என்னன்னு நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே. அதுக்கப்பறம் முடிவெடுப்போம்” என்றாள். டப்பா வீட்டில் தங்குமா போகுமா என்பது என் வாயில் வந்து நின்றது. எனக்கு இது தேவையா, நீயே சொல்.

பி.யூ.சி. வரை படித்த என் இங்கிலீஷைத் தூசி தட்டி எடுத்தேன். மதுரையில் பழைய புத்தகக் கடையில் ஒரு விலைப் புத்தகம் கிடைத்தது. ராஜா புரட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, இது நான் அரைக்கால் சட்டை போட்டப்ப வந்த வெல” என்றான். சரி, இணையத்தில் பார்ப்போம் என்றால், ஒரே பென்னிக்கு ஒருவன் டீ விலை சொல்கிறான், இன்னொருவன் டிராக்டர் விலை சொல்கிறான். எவனை நம்புவது?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வத்தல் மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோனால் நாம் என்ன விலை வேண்டுமானாலும் சொல்லலாம். வியாபாரி எடுத்த விலைதானே விலை? கேட்ட விலையை விட்டுவிட்டு, ஏலத்தில் விற்றுப்போன காசுகளின் விலையை மட்டும் தேடினேன். லண்டன் ஏலக் கடைகள் பழைய ஏலங்களின் விலையைப் படத்தோடு போட்டு வைத்திருக்கிறார்கள், மாப்ளே! இந்த வருசத்துப் புத்தகத்தையும் தருவித்து, இரண்டையும் ஒத்துப் பார்த்தேன். புத்தகத்தில் இருப்பது கடைக்காரன் விற்கிற விலை. நாம் கொண்டுபோய்க் கொடுத்தால் அவ்வளவு வராது. அதுவும் புரிந்தது.

பென்னிகள் எல்லாம் டீக்கும் வடைக்கும்தான் ஆகும். வருத்தப்படாதே. ஆனால் இளவயசு ராணியின் தலை போட்ட அந்தப் பெரிய வெள்ளிக் கிரவுன் இருக்கிறதே, அதைப் பார்த்து மூச்சு நின்றுவிட்டது. வத்தலை ரகம் பிரிக்கிற மாதிரி காசையும் தேய்வு பார்த்துப் பிரிக்கிறார்கள். உன் காசில் ராணியின் தலைமுடி இழை இழையாகத் தெரிகிறது. அதிகம் கைமாறாத காசு. அந்த ரகத்தின் விலைக்குப் போர்வெல் போட்டு மோட்டாரும் இறக்கலாம். ‘அட கிறுக்கா, ஜெயித்துவிட்டாயே’ என்று கத்தியே விட்டேன்.

பிறகுதான் புத்தகத்தின் முன்பக்கத்தைப் படித்தேன். முதலிலேயே படித்திருக்கலாம். விளக்கித் துடைத்த காசுக்கு இந்த விலை எதுவும் செல்லாதாம். ஏலப் பட்டியலில் தேடினால், அதே கிரவுன், விளக்கியது, அடிமாட்டு விலைக்குப் போயிருக்கிறது. உன் காசைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ராணியின் கன்னம் முழுக்கத் திருநீறு தேய்த்த மெல்லிய கீறல்.

இதை எப்படி அவளிடம் சொல்வது? உன் ஆயுசுச் சம்பாத்தியத்தை அவள் கையாலேயே அழித்துவிட்டாள் என்றா? இரண்டு நாள் உன் வீட்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவளே ஆள் அனுப்பினாள். ராஜாவும் இருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். நிமிர்ந்தால் அவள் சிரிக்கிறாள், மாப்ளே.

“அது அவுகளுக்குத் தெரியும்ணே” என்றாள். “மதுரையில காசுக் கண்காட்சி பாத்துட்டு வந்தன்னைக்கே சொன்னாக, வெளக்குனா வெல போயிரும்டின்னு. நானும் பயந்துபோயி அந்த வருசம் தொடவே இல்ல. பூசையில காசெல்லாம் கறுத்துப்போயிக் கெடந்துச்சு, நானும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுக் கெடந்தேன். மறு வருசம் அவுகளே திருநீற அள்ளி என் கையில போட்டு, ‘வெளக்கு தாயி, வெல கெடக்கு’ன்னாக.”

அட பாவி! என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? உட்கார்ந்த இடத்திலேயே சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் பாதி அழுகைதான், உனக்குத் தெரியும். நீ தெரியாமல் ஏமாந்தாய் என்று நினைத்தேனே. அவ்வளவு ஆசையாகச் சேர்த்த காசு வருசத்துக்கு வருசம் விலை இறங்குவதை, பக்கத்திலேயே உட்கார்ந்து எப்படி அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாய்?

ராஜா, “போர்வெல்லுக்குப் பேங்க்ல கேட்டுப் பாக்குறேன்மா. இது இங்கனயே இருக்கட்டும்” என்று டப்பாவை எடுத்து உள்ளே வைத்தான்.

நான் கிளம்பும்போது பாண்டியம்மா வாசல் வரை வந்தாள். “அண்ணே, அந்தப் பொஸ்தகம் வருசா வருசம் வருமா?”

“வரும் தாயி. எதுக்கு?”

“வெளக்காத காசு என்ன வெல போகுதுன்னு வருசம் தவறாமப் பாத்துச் சொல்லுங்க. அவுக எனக்காக எம்புட்டு விட்டாகன்னு நானும் தெரிஞ்சுக்கணும்ல.”

சரி என்று சொல்லியிருக்கிறேன், மாப்ளே. கண் தெரிகிற வரைக்கும் புதுப் புத்தகம் வந்த அன்றே பார்த்துவிடுவேன். விலை ஏற ஏற, அவளிடம் ஓடிப்போய்ச் சொல்வேன்.

உன்னைக் கிறுக்கன் என்று இனியும் கூப்பிடப்போகிற,
உன் மச்சான்
கருப்பையா