சைக்கிள் பாதையில் கொட்டிய பனி

மருதமுனை
வியாழக்கிழமை

அன்பு மகள் நப்லாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். றப்புடைய கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், மாரி மழைக்கு வாப்பாவுக்குக் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். கனடாக் குளிரில் உன்னையும் அல்லாஹ் நோய்நொடியில்லாமல் வைத்திருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். போனில் கதைத்தால் வாப்பா பக்கத்தில் வந்து நின்று போனை வாங்கிவிடுகிறார், அதனால்தான் இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நீ விழுந்த செய்தி கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுகை அரைவாசி, ஆத்திரம் அரைவாசி. கார் றோட்டுப் பனியை மெஷினால் தள்ளி உங்கள் சைக்கிள் பாதையிலேயே குவித்துவிட்டுப் போகிறார்களாமே! பாதையில்லாமல் நீ கார் றோட்டில் இறங்கி வழுக்கி விழுந்தால், பனிக்காலத்தில் யார் சைக்கிள் ஓடச் சொன்னது என்று நகரசபையில் கேட்டார்களாம். விடிய முதல் ஆஸ்பத்திரிக்குப் போகிற தாதிக்கு அந்த நேரம் பஸ் இல்லையென்று அவர்களுக்குத் தெரியாதா? வாப்பா என்னடாவென்றால் சைக்கிளையும் விடு, வேலையையும் விடு என்கிறார். அவருக்கு மனச்சாட்சி குத்துகிறது. கடற்காற்றுத் துருவுக்கு இங்கே பூசுவதுபோல் செயினுக்குத் தேங்காயெண்ணெய் பூசு என்று உனக்குச் சொன்னவர் அவர்தானே. அது மெழுகாய் உறைந்து நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன கதையைப் பக்கத்து வீட்டு பஸ்லியாவிடம் சொல்லிச் சிரித்தேன், அதற்கும் கோபம்.

இங்கே நடந்ததையும் கேள். நம் தெருவில் மழைத்தண்ணீர் ஓடுகிற கானைத் தோண்ட வந்த கொந்தராத்துக்காரர், சேற்றையெல்லாம் றோட்டோரத்தில் நாங்கள் சைக்கிளில் போகிற இடத்தில் குவித்துவிட்டுப் போய்விட்டார். மழைக்குக் கரைந்து ஒரே வழுக்கல். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். நேற்றுக் காலை நானும் பஸ்லியாவும் மண்வெட்டியை எடுத்து அவ்வளவையும் நடு றோட்டில் அள்ளிப் போட்டோம். உன்னை நினைத்துத்தான் மகள் அள்ளினேன். கார்களெல்லாம் நின்று ஹோன் அடிக்க, அந்த மனிதர் ஓடிவந்து என்ன ராத்தா, நடு றோட்டில கொட்டலாமா என்றார். ஓம் தம்பி, சைக்கிள் போற இடத்தில நீங்க கொட்டலாமெண்டா கார் போற இடத்தில நாங்க கொட்டினா என்ன என்றேன். பகல் சாப்பாட்டுக்கு முதல் ட்ரக்டர் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. மானம் போச்சு என்று கதவைச் சாத்திக்கொண்டு இருந்த வாப்பா, அசர் தொழுகைக்கு அந்த வழியாலேதான் சைக்கிளில் பள்ளிக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை நகரசபைக் கூட்டத்தில் கதைக்கப் பெயர் கொடுத்துவிட்டு, வந்து குடியேறினவள் நான் கதைக்கலாமா என்று யோசிக்கிறாயாம். அந்த ஊர் நோயாளிக்கு மருந்து கொடுக்க உன் கை வேண்டும், வாய் மட்டும் வேண்டாமா? எழும்பி நின்று கதை. முதலில் எங்கள் பாதையைத் துப்பரவாக்குங்கள், பிறகு கார் றோட்டைப் பாருங்கள் என்று சொல். இங்கிலீசு தடுமாறினால் தடுமாறட்டும், அழுதுகொண்டு மட்டும் சொல்லாதே. கேட்காவிட்டால் மண்வெட்டி அங்கேயும் விற்கும்.

காதை மூடிக் கட்டு, காயத்துக்கு மருந்து போட மறக்காதே, பிஸ்மி சொல்லி ஏறு. அல்லாஹ் உன் காலையும் நாவையும் வழுக்காமல் காப்பானாக.

உன் உம்மா
சுபைறா

படம் பிடிக்கப் போனை எடுத்து வருவதற்குள் வாப்பா முழுவதையும் வாசித்துவிட்டார். ஏசுவார் என்று பார்த்தேன். பேனையை வாங்கித் தானும் எழுதினார்:

மகள், தேங்காயெண்ணெய் வேண்டாம். குளிருக்கென்று அங்கே கடையில் விற்கிற எண்ணெயைக் கேட்டு வாங்கிச் செயினுக்குப் பூசு. செவ்வாய்க்கு முதல் பூசு. வாப்பா.